மே மாதம்தான் கொடைக்கானலா?

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பியதும் மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் அடுத்த பேச்சு கொடைக்கானல்தான். ஒருவர் வேன் பேசுவார், இன்னொருவர் தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவார், பிள்ளைகள் போன வருடத்து ஸ்வெட்டரைப் போட்டு அளவு பார்ப்பார்கள். நானும் அந்த வேன்களில் பல முறை ஏறியிருக்கிறேன். நமக்கு 120 கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர் அது. ஆனால் அதைப் பற்றி நாம் வழிவழியாகச் சொல்லிவரும் பல விஷயங்கள் உண்மை இல்லை. அவற்றை நம்பித் திட்டம் போடுவதால் காசு கரைகிறது, பிள்ளைகள் வாடிப்போகிறார்கள், மலையும் திணறுகிறது.

"மே மாதம் போனால்தான் கொடைக்கானல்" என்பதுதான் இவற்றில் பெரியது. அந்த ஊரின் குளிர்ச்சிக்குக் காரணம் மாதம் இல்லை, உயரம். மேலே ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் காற்று குளிர்கிறது. மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டரில். எந்த மாதம் போனாலும் 13 டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருந்தே தீரும். ஜூலை வெயிலில் மதுரை காய்ந்துகொண்டிருக்கும்போதும் ஏரிக்கரையில் தோளில் ஒரு சால்வை வேண்டியிருக்கும்.

"ஜூன் பிறந்தால் மழை கொட்டுமே" என்பார்கள். அது மூணாறுக்குப் பொருந்தும். தென்மேற்குப் பருவமழை தன் பலத்தை மேற்குச் சரிவிலேயே பெரிதும் செலவழித்துவிடுகிறது. கிழக்குப் பக்கம் இருக்கும் கொடைக்கானலுக்கு அதில் மிஞ்சியதுதான் வந்து சேர்கிறது. அங்கே மழை வலுப்பது அக்டோபரிலும் நவம்பரிலும்தான். மே மாதத்திலேயே மதியத்துக்கு மேல் இடிமழை பிடித்துக்கொள்வதுண்டு. பள்ளிக்கூடம் திறந்த பிறகு, ஜூன் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு போய்ப் பாருங்கள். சாலை உங்களுக்காகவே போட்டதுபோல் இருக்கும்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றை என்னால் மறக்க முடியாது. பெருமாள்மலை தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். முன்னால் பஸ், பின்னால் வேன், இரண்டுக்கும் நடுவில் புகை. மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. "அம்மா, இதுதான் கொடைக்கானலா?" என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இன்னொரு வேனின் ஜன்னல்தான். ஏரியைப் பார்த்தபோது இருட்டிவிட்டது.

இந்த நெரிசலைப் பார்த்துத்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று அன்றாட வரம்பும் வைத்தார்கள். "இனிமேல் போகவே முடியாது, பாஸுக்கும் பணம் கட்டணும்" என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். பாஸ் இலவசம், வீட்டிலிருந்தே எடுக்கலாம். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் நாலு மணி நேரப் பயணம், அவ்வளவுதான். ரயிலில் போகலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் பெயரில் மட்டும்தான் கொடைக்கானல். அங்கே இறங்கினாலும் இன்னும் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

"மலை ஏறும்போது வெறும் வயிற்றோடு போ, வாந்தி வராது" என்பது எங்கள் அம்மா காலத்து அறிவுரை. வாந்திக்குக் காரணம் பித்தம் இல்லை. வளைவில் வண்டி திரும்புவதை உள்காது உணர்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்துக்கொண்டு, ஒன்றும் அசையவில்லை என்று சொல்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டுகிறது. வெறும் வயிறு அதை இன்னும் மோசமாக்கும். புறப்படும்போது இரண்டு இட்லி போதும். வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோட்டில் ஏற்றம் தொடங்கியதும் பிள்ளையை முன்பக்கம் உட்காரவைத்து, தூரத்தில் தெரியும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போனை வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள். என் மகள் விஷயத்தில் மாத்திரையைவிட இதுதான் கைகொடுத்தது.

குளிர் என்பதால் வெயில் உறைக்காது என்று நினைப்பதும் தவறு. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, புற ஊதாக் கதிர் கூடுதலாக இறங்குகிறது, ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவில். படகில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு ஊர் திரும்பிய மூன்றாம் நாள் மூக்கு நுனி உரிவது பனியால் மட்டும் இல்லை. ஸ்வெட்டரோடு தொப்பியையும் எடுத்துவையுங்கள். "குளிருக்கு ரெண்டு ரவுண்டு போட்டால் சூடு" என்கிற ஆண்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது: மது தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரித்து, உடம்பின் சூட்டை வெளியேற்றுகிறது. சூடாக இருப்பதுபோல் தோன்றும், உடம்போ குளிர்ந்துகொண்டிருக்கும்.

வேனில் அடுப்பும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு போய்ச் சமைக்கிற குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. ஒருமுறை எங்கள் பெரியம்மா திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் கிளறினார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பருப்பு மட்டும் கரண்டியில் கல்லாக உருள்கிறது. "இந்த ஊர் தண்ணி சரியில்லடி" என்று சலித்துக்கொண்டார். குறை தண்ணீரில் இல்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது. குக்கரை எடுத்துப் போங்கள்.

ஏரி இயற்கையாக உண்டானது என்று பலர் நம்புகிறார்கள். 1863-இல் அதை உருவாக்கியவர் நம் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச். ஊருக்குள் நடமாடும் காட்டுமாட்டை "காட்டெருமை, சாதுதான்" என்று பக்கத்தில் நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அது எருமை இல்லை, மாட்டினம். வளர்ந்த காளை ஆயிரம் கிலோவை நெருங்கும். அது கடந்து போகும்வரை வண்டிக்குள்ளேயே இருங்கள்.

தண்ணீர் பாட்டில் விஷயமும் உண்டு. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் குடிநீர் பாட்டிலுக்கு அங்கே தடை, கொண்டு போனால் ஒன்றுக்கு 20 ரூபாய் கட்ட வேண்டும். "மலையில் போடுகிற பாட்டில் நம்மை என்ன செய்யும், அது அவங்க ஊர்" என்று எங்கள் வேனிலேயே ஒருவர் சொன்னார். அடுத்த முறை போகும்போது டம்டம் பாறையில் இறங்கி எதிர்மலையைப் பாருங்கள். வெள்ளை நூல் தொங்குவதுபோல் ஓர் அருவி தெரியும். தலையாறு அருவி, எலிவால் என்றும் சொல்வார்கள், ஏறக்குறைய ஆயிரம் அடி உயரம். அந்தத் தண்ணீர் மஞ்சளாறு அணைக்கு இறங்குகிறது. மஞ்சளாறு வந்து சேருவது நம் வைகையில்.