மகன் மார்க்கட்டிங் படிக்கப் போகிறானா?

ஹேவாஹெட்ட டவுனில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் லுஹருக்குப் பிறகு என்னிடம் கேட்டார்: “நானா, ஏஎல் முடிச்ச மகன் மார்க்கட்டிங் படிக்கோணுமாம். சாமான் விற்க நான் பழக்கிக் குடுக்காததையா அங்கே பழக்கப் போறாங்க?”

எம்மவர் பலரின் கேள்வி இது. விற்பனை என்பது கையிலுள்ள சரக்கைக் காசாக்குவது. சந்தைப்படுத்தலோ சரக்கு வருமுன்பே தொடங்குகிறது. யாருக்குத் தேவை, எந்த அளவுப் பொதி, என்ன விலை, எந்தக் கடை, எப்படி அறிவிப்பது என்று தீர்மானிப்பதே சந்தைப்படுத்தல் முகாமையாளரின் வேலை.

நம் பக்கத்துத் தேயிலையையே பாருங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்டார். அதன்பின் நெடுங்காலம் எமது தேயிலையின் பெரும்பகுதி மொத்தமாகவே கப்பலேறியது. பெயரும் இலாபமும் வெளிநாட்டுப் பொதிக்காரருக்கு. தேயிலைச் சுவைபார்ப்பவராகத் தொடங்கிய மெரில் ஜே. பெர்னாண்டோ (2023இல் காலமானார்) 1980களில் ‘டில்மா’ என்ற சொந்தப் பெயரில் இங்கேயே பொதிசெய்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். கொழுந்து அதே கொழுந்துதான். நண்பரின் கோவாவும் கரட்டும் இன்றும் பெயரில்லாமல் சாக்கில்தானே போகின்றன!

எங்கே படிப்பது? களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களில் சந்தைப்படுத்தல் முகாமைத்துவத்துக்குத் தனித் துறைகள் உண்டு. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் மனமுடைய வேண்டாம். 1970இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை சந்தைப்படுத்தல் நிறுவகம் ஆரம்பச் சான்றிதழ் முதல் பட்டப்பின் டிப்ளோமா வரை நடத்துகிறது. பிரித்தானியாவின் சீஐஎம் பரீட்சைகளையும் இங்கிருந்தே எழுதலாம். ஆங்கிலம் மட்டும் கட்டாயம் தேவை; நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

படித்தவுடன் முகாமையாளர் கதிரை கிடைக்காது. விற்பனைப் பிரதிநிதியாக மோட்டார் சைக்கிளில் கடை கடையாக ஏற வேண்டும். மாத இலக்கு கழுத்தை நெரிக்கும். பிறகுதான் பிரதேச விற்பனை முகாமையாளர், வர்த்தகநாம முகாமையாளர் என்ற படிகள். கல்லாப்பெட்டியருகில் வளர்ந்து, தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசும் பிள்ளைக்கு இதில் ஒரு கை கூடுதல் பலம். கடன் கேட்கும் கடைக்காரரின் முகத்தைப் படிக்க எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லையே!

ஓர் எச்சரிக்கை. ‘மார்க்கட்டிங் வேலை’ என்று அழைத்து, முதலில் பணம் கட்டு, பிறகு ஆள் சேர் என்றால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. சேர்ப்பவரும் குற்றவாளியே. இதில் தாயின் நகையை இழந்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு.

நண்பருக்கு நான் சொன்னது: மகனை வார இறுதி வகுப்பில் சேருங்கள். வார நாட்களில் கடைக்கு வரட்டும். ஒரு லொறி கரட்டைத் தரம்பிரித்து, பெட்டியிலிட்டு, உங்கள் பெயரையும் ஒட்டி கண்டியில் விற்றுப் பார்க்க அவனிடமே கொடுங்கள். கணக்கை மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள்.