விளம்பரமும் மாணவரும்

குடிமைப் பணித் தேர்வுக்குப் பயில, தமிழ் மாணவர் பலர் ஆண்டுதோறும் தில்லி கரோல் பாக்கிற்கு வருகின்றனர். வருமுன்னரே கைப்பேசியில் கண்ட விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிடுவோரும் உண்டு.

“எங்கள் மாணவர் இத்தனை பேர் தேறினர்” என்கிறது விளம்பரம். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

இத்தேர்வு முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என மூன்று படிகளை உடையது. முதலிரு படிகளையும் தம் முயற்சியால் கடந்த ஒருவர், ஒரு நிலையத்தில் இலவச மாதிரி நேர்முகத்தில் மட்டும் கலந்துகொள்கிறார். அவர் தேறியதும், அந்நிலையத்தின் விளம்பரத்தில் அவர் படம் ஏறுகிறது. அதன் பக்கத்திலேயே பெருங்கட்டண வகுப்பின் பெயரும் நிற்கிறது. அவ்வகுப்பே வெற்றி தந்தது என்று பார்ப்பவர் எண்ணிவிடுகிறார்.

முக்கியச் செய்தியை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரமே என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அச்சட்டப்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இவ்வாறு மறைத்த பயிற்சி நிலையங்கள் பலவற்றுக்குத் தண்டம் விதித்துள்ளது. தேறியவர் பயின்ற வகுப்பு எது, அதன் காலம் எவ்வளவு, கட்டணம் செலுத்தினாரா என்பவற்றை விளம்பரத்திலேயே காட்ட வேண்டும் என 2024 நவம்பரில் நெறிமுறையும் வகுத்தது. தேறிய பின்னர் அவரது இசைவைப் பெற்றே படத்தை வெளியிடுதல் வேண்டும்.

தண்டம் அரசுக்குச் செல்லும். மாணவர் இழந்த ஓராண்டு திரும்பி வாராது. ஆகவே நண்பர்களே, பணம் அனுப்புமுன் கேளுங்கள்: படத்தில் உள்ளவர் எந்த வகுப்பில் பயின்றார்? எத்தனை நாள்? அவ்வகுப்பில் சேர்ந்தோர் மொத்தம் எத்தனை பேர்? விடை வாராவிடில் பணம் கட்டாதீர்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுங்கள்.