வண்டலூருக்கு ஒரு நாள்

மாட்டுப்பட்டியில் யானையைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டாம். மாட்டுப் பண்ணைப் புல்வெளிக்கு அதுவே வந்து நிற்கும். வரையாட்டைப் பார்க்க ராஜமலை இருக்கிறது. ஆனால் சிங்கமும் நீர்யானையும் அங்கே இல்லை.

அங்கே ஒரு தோட்டத் தொழிலாளி குடும்பம். கோடை விடுமுறைக்குத் தாம்பரம் போகிறார்கள். பிள்ளைகளின் அத்தை வீடு அங்கே இருக்கிறது. வண்டலூர் உயிரியல் பூங்கா பக்கம்தான். பிள்ளைகள் சிங்கம் பார்க்கத் துடிக்கிறார்கள்.

"எனக்கு முழங்கால் வலி. நான் மகள் வீட்டிலேயே இருக்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்" என்றார் பாட்டி. பிள்ளைகளின் முகம் வாடியது.

பாட்டி பயந்ததில் நியாயம் உண்டு. பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். அதாவது சுமார் 1,490 ஏக்கர். சென்னையில் 1855-இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை இது. நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே நெருக்கடியான இடத்தில் இருந்தது. 1985-இல் வண்டலூருக்கு மாறியது. இப்போது பல விலங்குகள் கம்பிக் கூண்டில் இல்லை. மரங்களுக்கு நடுவே உலவுகின்றன. பார்ப்பவருக்கும் அவற்றுக்கும் இடையே அகழி இருக்கிறது. விலங்குக்கு இது நல்லது. பார்ப்பவரின் காலுக்குத்தான் சிரமம். புலியைப் பார்த்துவிட்டுச் சிங்கத்திடம் போக வெகுதூரம் நடக்க வேண்டும்.

மருமகள் ஒரு நோட்டை எடுத்தார்.

"செவ்வாய்க்கிழமை போகலாம். கூட்டம் இருக்காது" என்றார் கணவர்.

தாம்பரத்துக்கு ஃபோன் செய்தார்கள். தங்கை சிரித்துவிட்டார். "கூட்டம் மட்டுமா இருக்காது, அண்ணே? கதவும் திறந்திருக்காது. செவ்வாய் அங்கே வார விடுமுறை!"

நோட்டில் 'புதன்' என்று எழுதினார் மருமகள். நேரம், காலை 9 மணி. மாட்டுப்பட்டி சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த ஊர். வண்டலூர் வெயில் இவர்களுக்குப் பழக்கமில்லை. உச்சி வேளையில் விலங்குகளும் நிழலில் படுத்துவிடும். ஆகவே காலையிலேயே போய், மதியம் திரும்பிவிட வேண்டும். எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று கிளம்பினால் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. பிள்ளைகளிடம் கேட்டு, ஐந்து விலங்குகளை மட்டும் குறித்துக்கொண்டார்.

அடுத்தது பணம். பேருந்து, நுழைவுச் சீட்டு, சிற்றுண்டி, பொம்மை என்று வரிசையாக எழுதினார். பிறகு பொம்மையை அடித்துவிட்டு 'பேட்டரி கார்' என்று எழுதினார். உள்ளே சுற்றிவர அந்த வண்டி உண்டு. தனிக் கட்டணம்.

"அதற்கும் காசா?" என்றார் கணவர்.

"அத்தைக்கும் சின்னவனுக்கும் மட்டும். நாம் நடப்போம். நுழைந்ததும் முதலில் அந்தச் சீட்டைக் கேட்க வேண்டும்."

துணிப்பை, தொப்பி, பாட்டியின் மாத்திரை ஆகியவையும் நோட்டில் ஏறின. பிளாஸ்டிக் பைக்கு அங்கே தடை.

பாட்டி மெதுவாகக் கேட்டார்: "குரங்குக்கு இரண்டு வாழைப்பழம் கொண்டுவரலாமா?"

"கூடாது, அத்தை. அங்கே விலங்குகளுக்கு அளந்து உணவு கொடுக்கிறார்கள். நாம் கொடுத்தால் நோய் வரும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்."

"அப்படியானால் பேருந்திலேயே நான் தின்றுவிடுகிறேன்" என்றார் பாட்டி.

பயிற்சி: உங்கள் குடும்பத்தில் அதிகம் நடக்க முடியாதவர் யார்? அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் வெளியூர் போக, தேவையானவற்றை எழுதுங்கள்.