ஸ்கடர் குடும்பத்துப் பெண்மக்கள்

குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் தந்தை, மகன், பேரன் என ஆண்வழி பற்றியே செல்வர். பெண்டிர் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்ற அளவில் ஓரத்தே நிற்பர். எலவனாசூர்கோட்டையிலுள்ள எம் இல்லத்துப் பழைய வேதப்புத்தகத்தின் முதல் தாளிலும் இந்நிலையே காண்கின்றோம். பிறப்பும், ஞானஸ்நானமும், விவாகமும் அதிலே குறிக்கப்பட்டுள. எம் பாட்டியாரின் தாயார் பிள்ளைப்பேற்றிலே மாண்டார் என்னும் செய்தியும் உண்டு; அவர் பெயர் மட்டும் இல்லை. இக்குறையே எம்மை இவ்வாராய்ச்சிக்கு ஏவிற்று.

அமெரிக்க தேசத்தின் மேற்கெல்லையிலே புல்வெளி திருத்திக் குடியேறிய மாதரைப்பற்றி நேயர்கள் படித்திருப்பர். 1862-ம் வருஷத்து நிலச் சட்டத்தின்படி குடியேறுவோர் 160 ஏக்கர் வரை பெறலாயினர். குடும்பத் தலைமை பூண்ட விதவையும், இருபத்தோராண்டு நிரம்பிய கன்னியும் தம் பெயராலேயே நிலங் கேட்கலாம்; கணவனோடு வாழ்பவளுக்கோ அவ்வுரிமை பொதுவாக இல்லை. மரம் அரிதாகிய நெப்ராஸ்கா வெளியிலே, புல்வேரோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கிச் சுவரெழுப்பி வாழ்ந்தனர். 1874-ல் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து பயிரனைத்தையும் தின்றொழித்தது.

அந்நெப்ராஸ்காவிலே 1878-ல் சென்று தங்கிய குடும்பமொன்று நம் தமிழ்நாட்டிலிருந்தே போயிற்றென்றால் வியப்பன்றோ? அக்குடும்பத்துச் சிறுமியே பின்னாளில் வேலூரில் புகழ்பெற்ற டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1870-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி இராணிப்பேட்டையில் பிறந்தவர். பஞ்சத்தையும் பசியையும் குழந்தைப் பருவத்திலேயே கண்டவர்.

இவர்தம் பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ல் கப்பலேறி, யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்து, 1836-ல் சென்னைக்கு வந்தார். அவருடைய புதல்வர் எழுவர் இந்தியாவில் ஊழியஞ் செய்தமை யாவரும் எடுத்துரைப்பது. அவ்வெழுவரையும் ஈன்று வளர்த்த ஹேரியட் வாட்டர்பெரி அம்மையாரை எத்துணைபேர் நினைக்கின்றனர்? நாடு விட்டுக் கடல் கடந்த வழியிலே தம் தலைமகளைக் கல்கத்தாவில் இழந்து, மேலும் முன்னோக்கியே சென்றவர் அவர். முப்பதாண்டு கழிந்து 1849-ல் சென்னையிலே இறந்தார். புல்வெளியில் வண்டியோட்டிச் சென்ற குடியேற்ற மாதர்க்கு இவர் எவ்வாற்றானுங் குறைந்தவரல்லர் என்பது எம் கருத்து.

பேத்தியாராகிய ஐடாவோ ஊழியக்காரியாக விரும்பினாரல்லர். நோயுற்ற தாயாருக்குத் துணையாக 1890-ல் திண்டிவனம் வந்தார்; திரும்பிப்போய் அமெரிக்காவிலேயே வாழ்வதென்பதே அவர்தம் எண்ணம். ஓரிரவில் பிராமணர் ஒருவர் வந்து, இளமனைவி பேற்றுவேதனையிற் கிடக்கின்றாள், வந்து காத்தருள்க என்று இரந்தார். தமக்கு வைத்தியந் தெரியாதென்றும், தந்தையாரே டாக்டரென்றும் ஐடா கூறினார். ஆடவர் தம் மனைவியைப் பார்த்தல் ஆகாதென்று வந்தவர் அகன்றார். அவ்விரவிலேயே முகம்மதியர் ஒருவரும், மற்றொரு இந்துவும் அதே வேண்டுகோளுடன் வந்து அவ்வாறே சென்றனர். பொழுது புலர்ந்தபோது மூன்று பெண்களும் இறந்துபட்டனர். அம்மூவர் பெயரும் யாண்டும் காணக் கிடைத்தில.

அக்கணவரைக் கொடியவரென்று கூற எமக்கு நாவெழவில்லை. நள்ளிரவில் அந்நியர் வாயிலிலே கைகூப்பி நின்றவர் அன்பற்றவராவரோ? வழக்கம் அவர்தம் அன்பினும் வலிதாயிருந்தது. கிறிஸ்தவராகிய எம் முன்னோரும் பேற்றறையினுள் ஆண் வைத்தியரை விட்டிருப்பரென்று துணிந்து கூறற்கில்லை.

ஐடா அமெரிக்கா சென்று வைத்தியம் பயின்று, 1899-ல் கார்னெல் வைத்தியக் கல்லூரியில் தேர்ச்சியுற்று, 1900-ல் வேலூர் வந்தார். அவ்வாண்டே தந்தையார் காலமாயினார். தாயார் சோபியா அம்மையார் மகளுடன் வேலூரிலேயே தங்கினார். வீட்டிலே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியம், 1902-ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாயிற்று. இப்பெயரும் ஒரு பெண்மணியுடையதே. மாண்ட மனைவியின் நினைவாகக் கணவர் 10,000 டாலர் ஈந்தார். 1909-ல் தாதியர் பள்ளியும், 1918-ல் மாதர்க்கு மட்டுமான வைத்தியப் பள்ளியும் ஏற்பட்டன. 1947-ல் ஆண்மாணவரும் சேர்க்கப்பெற்றனர்.

ஐடா மணம் புரியாதவர். 1960-ம் வருஷம் மே 24-ந் தேதி கொடைக்கானலில் இறந்தார். ஆயினும் வழி அற்றுப்போகவில்லை. அவர்தம் பெயரையே தாங்கிய மருமகள் டாக்டர் ஐடா பி. ஸ்கடர் அதே வேலூரில் கதிரியக்க வைத்தியத் துறையிற் பணியாற்றினார். அத்தையிடமிருந்து மருமகளுக்கு இறங்கிய இவ்வழியை ஆண்வழி வரையும் மரபுப் படத்தில் எங்ஙனம் காட்டுவது?

எம் பாட்டியார் பிறந்தபோது வேலூர் மருத்துவமனை நன்கு நடந்துகொண்டுதான் இருந்தது. எலவனாசூரிலிருந்து இரட்டைமாட்டு வண்டியில், வலியெடுத்த பெண்ணை ஏற்றி, அவ்வளவு தொலைவு யார் சேர்ப்பர்? திண்டிவனமும் எம் ஊரும் அந்நாளில் ஒரே தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தவை; 2019 முதல் எம் ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தது.

சென்ற விடுமுறையில் பாட்டியாரின் பெரியம்மாள் மகளாரை வினவினோம். தொண்ணூறு கடந்த மூதாட்டியார் நெடுநேரம் நினைத்துப் பார்த்தார். வீட்டில் எல்லோரும் பாப்பா என்றே அழைத்தனர், ஞானஸ்நானப் பெயர் தெரியாது என்றார். வேதப்புத்தகத்தின் அவ்விடத்தில் இப்போதைக்கு அப்பெயரையே பென்சிலால் எழுதி வைத்துள்ளோம்.