அரங்கேற்றம் முடிந்த பிறகு கல்லூரி எதற்கு?

வளைகுடா நாடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு நடனம் ஐந்தாறு வயதில் தொடங்கிப் பதினாறு வயதில் முடிந்துவிடுகிறது. துபாயின் கராமாவிலோ ஷார்ஜாவிலோ பஹ்ரைனின் மனாமாவிலோ வார இறுதி வகுப்பு, பிறகு சலங்கை பூஜை, கோடை விடுமுறையில் சென்னையில் தைத்து வாங்கிய உடை, ஊரிலிருந்து வரவழைத்த பக்கவாத்தியக்காரர்கள், ஒரு மாலை அரங்கேற்றம். அதற்கடுத்த வாரமே பன்னிரண்டாம் வகுப்பு டியூஷன். இந்த வரிசையைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அந்தப் பத்து ஆண்டுகள் பிள்ளைகளுக்கு நிறையவே தருகின்றன. ஆனால் அரங்கேற்றம் முடித்தவர்களிலும் பள்ளி நாடகத்தில் நடித்தவர்களிலும் சிலர் ஆண்டுதோறும் “இதையே கல்லூரியில் படிக்கலாமா?” என்று கேட்கிறார்கள். வீட்டில் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் உடனடி மறுப்பு கிடைக்கிறது, எப்போதாவது உணர்ச்சிவசப்பட்ட சம்மதம் கிடைக்கிறது. இரண்டுமே யோசித்துச் சொன்ன பதில்கள் இல்லை. இந்தத் துறையில் படித்து, இங்கே படிப்பவர்களோடு வேலையும் செய்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: இன்னும் நன்றாக ஆட வேண்டும், இன்னும் நன்றாக நடிக்க வேண்டும் என்பது மட்டுமே ஆசையென்றால் கல்லூரி தேவையில்லை, நல்ல குரு போதும். ஒரு நிகழ்ச்சி எப்படி உருவாகிறது என்பதை முழுவதுமாகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் கல்லூரியைவிட நல்ல இடம் கிடையாது. வளைகுடாவில் ஒரு கலைஞருக்குச் சோறு போடப்போவதும் அந்த முழுமையான படிப்புதான்.

நம் கலை வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் சென்னையில் தொடங்கிய கலாக்ஷேத்ராவில் அடவு மட்டும் சொல்லித்தரவில்லை. டைகர் வரதாச்சாரியாரும் மைசூர் வாசுதேவாச்சாரியாரும் அங்கே இசை கற்பித்தார்கள். மேடைக்கான துணி அந்த வளாகத்துத் தறியிலேயே நெய்யப்பட்டது. 1944இல் மேடையேறிய குற்றாலக் குறவஞ்சியும் பின்னால் வந்த இராமாயண வரிசையும் தனிநபர் கச்சேரிகளாக இல்லாமல் ஒரு குழுவின் நாட்டிய நாடகங்களாக உருவாயின. அங்கே சேரும் மாணவி நாயகியாக ஆடுவதற்கு முன்பு கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கவும், பாட்டுக்குத் தாளம் போடவும், அடுத்தவரின் நுழைவுக்காகக் காத்திருக்கவும் பழக வேண்டும். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் செய்ததும் இதே திசையில்தான். மட்டக்களப்பில் சுற்றிலும் பார்வையாளர் அமரும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தை அவர் மாணவர்களைக் கொண்டு நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர், அடுத்த ஆண்டு நொண்டி நாடகம், பிறகு இராவணேசன், 1968இல் வாலி வதை. கூத்தின் ஆசானான அண்ணாவியாரிடமிருந்து ஆட்டத்தைக் கற்றார்கள்; அதை எவ்வளவு நேரத்துக்குள் அடக்குவது, எந்த ஒளியில் காட்டுவது, பார்வையாளர் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும்போது எப்படி நிற்பது என்பதையெல்லாம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். அந்த மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, அடுத்த தலைமுறை மாணவர்களோடு இராவணேசனை மீண்டும் மேடையேற்றினார். வார இறுதி வகுப்பு எவ்வளவு நல்லதானாலும் இந்த வேலைக்கு அதில் நேரமில்லை. நாள் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருபது முப்பது பேர் மூன்று நான்கு ஆண்டுகள் சேர்ந்து தவறு செய்து திருத்திக்கொள்ள வேண்டிய வேலை இது.

முதலில் வரும் மறுப்பு, இந்தப் பாலைவனத்தில் நாடகமாவது கலையாவது என்பது. இங்கே முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் இதைச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இது உண்மையில்லை. எகிப்திய இயக்குநர் ஸக்கி துலைமாத் 1960களின் தொடக்கத்தில் குவைத்துக்கு வந்து நாடகக் குழுவும் பயிற்சியும் தொடங்கினார். 1973இல் அங்கே நாடகக் கலைக்கான உயர்கல்வி நிறுவனமே வந்துவிட்டது. நடிகர் அப்துல் ஹுசைன் அப்துல் ரிதா 2017இல் மறைந்தபோது வளைகுடா முழுவதும் துக்கம் அனுசரித்ததற்குக் காரணம் அந்த நாடக மரபு. ஷார்ஜாவில் 1984 முதல் ‘ஷார்ஜா நாடக நாட்கள்’ விழா நடக்கிறது. ஆட்சியாளர் ஷேக் டாக்டர் சுல்தான் பின் முகமது அல் காசிமியே நாடகம் எழுதுபவர். அவருடைய ஆதரவில் 2019இல் பல்கலைக்கழக நகரத்தில் ஷார்ஜா நிகழ்த்துகலை அகாடமி திறக்கப்பட்டது. நடிப்பு, இசை நாடகம், தயாரிப்புக் கலை என்று பட்டப்படிப்புகள் அங்கே இருக்கின்றன. அபுதாபியில் 2010இல் வகுப்புகளைத் தொடங்கிய நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நாடகத்தை முதன்மைப் பாடமாக எடுக்கலாம்; சேர்க்கைக்குப் போட்டி கடுமை, ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். 2018 வரை பொதுத் திரையரங்கே இல்லாதிருந்த சவூதியில் 2020இல் நாடகத்துக்கும் நிகழ்த்துகலைகளுக்கும் தனி ஆணையம் அமைத்தார்கள். நம் பக்கத்து வீட்டு மலையாளிகளைப் பாருங்கள்: அபுதாபி கேரள சோஷியல் சென்டரில் நடிகர் பரத் முரளி பெயரில் நாடக விழாவே நடத்துகிறார்கள், அமீரகம் முழுவதிலுமிருந்து குழுக்கள் போட்டி போடுகின்றன. கலைக்கு இங்கே இடமில்லை என்று சொல்வதைவிட, அந்த இடத்துக்கு நம் பிள்ளைகளை நாம் அனுப்பவில்லை என்று சொல்வதே சரி.

இரண்டாவது மறுப்பு வேலை பற்றியது. இதைப் பெற்றோரின் பேராசை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. இங்கே வேலை என்பது சம்பளம் மட்டுமில்லை, விசாவும் அதுதான். வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும். ஆகவே “படித்துவிட்டு என்ன செய்வான்?” என்ற கேள்வி நியாயமானது. வெறும் நடிகராகவோ தனி நடனக் கலைஞராகவோ மட்டும் இங்கே வாழ்க்கை நடத்துவது மிகக் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேடையைச் சுற்றியுள்ள வேலைகளை எண்ணிப் பாருங்கள். துபாய் ஓபரா 2016இல் சுமார் 2,000 இருக்கைகளோடு திறந்தது. அதே துபாயின் அல் ஹப்தூர் சிட்டியில் 2017இல் தொடங்கிய ‘லா பெர்ல்’ காட்சியின் மேடையில் 27 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து வந்து வடியும். அந்தரத்தில் தொங்குபவர்களின் கயிற்றைப் பிடிக்கவும், நீருக்கடியில் காத்திருக்கவும், விளக்கை இயக்கவும், ஒவ்வொரு நொடிக்கும் க்யூ கொடுக்கவும் ஆட்கள் வேண்டும். 2021 அக்டோபர் முதல் ஆறு மாதம் நடந்த துபாய் எக்ஸ்போவில் தினமும் நிகழ்ச்சிகள். குளோபல் வில்லேஜ், ரியாத் சீசன், பள்ளி ஆண்டு விழாக்கள், நிறுவன விழாக்கள் என்று இந்த ஊர் குளிர்காலம் முழுவதும் மேடை போட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த மேடைகளில் ஸ்டேஜ் மேனேஜர், ஒளியமைப்பாளர், உடை மேற்பார்வையாளர், தயாரிப்பு ஒருங்கிணைப்பாளர் ஆகியோரின் இடங்களில் தமிழர்களை நான் அரிதாகவே பார்க்கிறேன். கேபிள் இழுப்பதிலும் பந்தல் கட்டுவதிலும் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது படிப்புதான்.

அதனால்தான் நடிப்பைப் படிக்கப் போகும் பிள்ளையிடமும் இரண்டாவதாக ஒரு மேடைத் தொழிலைக் கட்டாயம் கற்றுக்கொள் என்று சொல்கிறேன். பாடத்திட்டத்தில் ஒளியமைப்பு விருப்பப்பாடமாக இருந்தால் எடு. நண்பனின் நாடகத்துக்கு ஸ்டேஜ் மேனேஜராக இரு. நடனம் படிப்பவர் நட்டுவாங்கத்தைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் பின்னாளில் வகுப்பு எடுக்கும்போதும் குழு நடனம் அமைக்கும்போதும் கையில் தாளம் இருப்பவர்தான் நிலைப்பார். நிகழ்ச்சிக்கான பட்ஜெட்டும் அனுமதியும்கூடப் பாடம்தான். துபாயில் பொது நிகழ்ச்சி நடத்தப் பொருளாதாரம் மற்றும் சுற்றுலாத் துறையின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தைச் சரியாக நிரப்பத் தெரிந்த கலைஞரை எல்லாக் குழுக்களும் தேடும். நடிகர் விஜய் சேதுபதி துபாயில் கணக்காளராக வேலை பார்த்துவிட்டு 2003இல் ஊர் திரும்பி, 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதுபவராகவும் நடிகராகவும் சேர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதை விடாமுயற்சியின் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது: ஒரு நாடகக் குழுவுக்குள் நுழைய அவருக்குக் கைகொடுத்தது கணக்கு. குழுவுக்கு உள்ளே இருந்து மற்றவர்களின் ஒத்திகையைப் பார்க்கும் வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது.

“பொறியியல் படிக்கட்டும், நாடகத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளட்டும்” என்பது மூன்றாவது மறுப்பு. இதில் பாதி எனக்கும் சம்மதம். தில்லியில் 1959இல் தொடங்கப்பட்ட தேசிய நாடகப் பள்ளியில் சேரவே ஏதாவது ஒரு பட்டமும் நாடக அனுபவமும் வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துகலைத் துறையிலும் நாடகம் முதுகலைப் படிப்புதான். எனவே வேறு பட்டம் படித்துக்கொண்டே நாடகக் குழுவில் தீவிரமாக இயங்கி, இருபத்தொரு வயதில் முழுநேரப் படிப்புக்குப் போவது நேர்மையான வழி. குடும்பத்தின் பயத்துக்கும் அதில் பதில் இருக்கிறது. ஆனால் நடனத்துக்கு இது பொருந்தாது. பதினேழிலிருந்து இருபத்தொன்று வரையிலான ஆண்டுகளில் தினமும் நான்கைந்து மணி நேரம் உழைத்த உடம்பும், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உழைத்த உடம்பும் ஒன்றாக முடியாது. நடனத்தைத் தொழிலாக்க நினைப்பவர் பள்ளி முடித்ததும் போவதே நல்லது. பக்கவாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் இந்த உடல் கணக்கைப் பார்ப்பதில்லை.

பெண்பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கும் பெற்றோரிடம் “கலைக்கூடங்கள் கோயில் மாதிரி” என்று சொல்லிச் சமாதானப்படுத்துவது தவறு. 2023இல் கலாக்ஷேத்ராவிலேயே மாணவர்கள் பாலியல் தொல்லைப் புகார்களோடு போராடினார்கள். மாநில மகளிர் ஆணையம் விசாரித்தது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. உடலைத் தொட்டுத் திருத்திக் கற்பிக்கும் கலையில், குருவின் சொல்லே கடைசிச் சொல் என்ற மரபும் சேரும்போது, இந்த ஆபத்து எல்லா நிறுவனங்களிலும் உண்டு. சேர்வதற்கு முன் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள், வெளியாள் இருக்கிறாரா, விடுதிப் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கும் நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்காக அந்தக் கலையையே பிள்ளையிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

இந்தியாவுக்கு அனுப்புவதாக இருந்தால் காகிதங்களை முதலில் பாருங்கள், பிறகு பாடத்திட்டத்தைப் பார்க்கலாம். கலாக்ஷேத்ரா நெடுங்காலமாகத் தருவது நான்காண்டு டிப்ளமோ. அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் போன்றவை தருவது பட்டம். கலைத் தரத்தில் டிப்ளமோ உயர்ந்ததாகவே இருக்கலாம். ஆனால் வளைகுடாவில் பள்ளி ஆசிரியர் வேலைக்கும் சில விசா வகைகளுக்கும் பட்டச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். அதை மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று ஒவ்வொன்றாக அட்டெஸ்டேஷன் செய்துதான் இங்கே கொண்டுவர வேண்டும். டிப்ளமோவில் சேர்பவர் கூடவே தொலைநிலையில் ஒரு பட்டமும் முடிப்பதைப் பற்றி யோசிக்கலாம். அமீரக விசாவைப் பொறுத்தவரை, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் சாதாரணக் குடியிருப்பு விசா செல்லாமல் போய்விடும். ஆகவே கல்லூரி விடுமுறைகளைப் பார்த்து முன்பே டிக்கெட் போட்டுவிடுங்கள். 2022 அக்டோபரில் வந்த மாற்றத்தால் மகன்களை 25 வயது வரை தந்தையோ தாயோ ஸ்பான்சர் செய்யலாம். திருமணமாகாத மகள்களுக்கு வயது வரம்பே இல்லை. படிப்பு முடிந்த கையோடு வேலை தேட இது கொஞ்சம் அவகாசம் தருகிறது. அதன்பின் ஃப்ரீலான்ஸ் பெர்மிட்டும் ஒரு வழி. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, அந்தந்த ஆண்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பிலேயே தயாராகத் தொடங்கலாம். சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் பரதநாட்டியம் 11, 12ஆம் வகுப்புகளுக்கு ஒரு விருப்பப் பாடம். உங்கள் பள்ளி நடத்துகிறதா என்று கேளுங்கள், நான்கைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள். ஐபி படிப்பவர்களுக்கு நாடகம் தனிப் பாடமாகவே உண்டு. நடிப்புக்கான ஆடிஷனில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிமொழிகளைப் பொதுவாகக் கேட்பார்கள். அவற்றில் ஒன்றையாவது தமிழ் நாடகத்திலிருந்து நீங்களே ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோகலாமா என்று முன்பே எழுதிக் கேளுங்கள், அதில் உங்கள் சொந்தக் குரல் தெரியும். தயாரிப்புக் கலைக்கு விண்ணப்பிப்பவர், பள்ளி விழாவில் செய்த மேடை அமைப்பின் புகைப்படத்தையும் பென்சில் படத்தையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஆண்டு விழா வீடியோவைக் காட்டுவார்கள். அதோடு திருப்தியடைந்து திரும்பாமல், சாதாரண நாளில் ஓர் ஒத்திகையில் உட்கார அனுமதி கேளுங்கள். இறுதியாண்டு மாணவர் யாராவது ஸ்டேஜ் மேனேஜராக இருந்த நாடகத்தின் க்யூ நோட்டைப் புரட்டிப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். ஒளி, ஒலி, நுழைவு, உடை மாற்றம் எல்லாம் ஒரு மாணவரின் கையெழுத்தில் அடித்துத் திருத்தி எழுதப்பட்டிருக்கும் நோட்டு அங்கே இருந்தால், விண்ணப்பக் கட்டணத்தை முதலில் அந்தக் கல்லூரிக்குக் கட்டுங்கள்.