பற்றி வாழ்தலும் பறித்து வாழ்தலும்

திருக்கோயில்தோறும் இறைவன் திருமேனியில் சாத்தப்பெறும் சந்தனம், தனித்து வாழ இயலாத ஒரு மரத்தின் வைரம் ஆகும். சந்தனக் கன்றைத் தனியே நட்டால் அது செழித்து வளர்வதில்லை. ஆதலின் நாற்றுப் பருவத்தில் அதன் அருகே துவரையையும், தோட்டத்தில் நட்டபின் சவுக்கு, புங்கம் முதலிய மரங்களையும் துணையாக வளர்ப்பர். சந்தனத்தின் வேர் அண்டையிலுள்ள வேரைத் தொட்ட இடத்தில் சிறு முடிச்சுப் போன்ற உறிஞ்சும் உறுப்பு ஒன்று தோன்றும். அதன் வழியே நீரையும் உப்புகளையும் அம்மரம் பெறுகிறது. பசுமையான இலைகளைக் கொண்டிருப்பதால் மாவுச்சத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. எனவே தாவரவியலார் இதனைப் பகுதி ஒட்டுண்ணி என வகுப்பர்.

மணத்தால் உயர்ந்த மரமும் பிறிதொன்றைச் சார்ந்தே நிற்கிறது எனில், சார்ந்து வாழ்தல் ஒன்றே இழிவாகாது என்பது தெளிவு. சார்பின்றி வாழும் உயிர் இவ்வுலகில் இல்லை. எந்தச் சார்பு உறவு, எந்தச் சார்பு சுரண்டல் என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

இயற்கையில் மூவகைச் சார்பு

முதல் வகை, இடம் மட்டும் கொள்வது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரக்கிளைகளின் மீது ஆர்க்கிட் செடிகள் வளர்கின்றன. இவற்றின் வேர்கள் மரத்தின் சாற்றைத் தொடுவதில்லை. மழைநீரையும் பனியின் ஈரத்தையும் கொண்டே இவை பூக்கின்றன. இவற்றைத் தொற்றுத் தாவரங்கள் என்பர்.

இரண்டாம் வகை, கொண்டும் கொடுத்தும் வாழ்வது. துவரை, உளுந்து போன்ற பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. செடி அவற்றுக்கு உணவளிக்கிறது. அவை காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற உரமாக மாற்றித் தருகின்றன. அத்தி மரத்தின் கதை இதனினும் வியப்பானது. அத்தியின் பூக்கள் காய்போல் தோன்றும் உருண்டைக்குள் மறைந்திருக்கின்றன. மிகச்சிறிய குளவி ஒன்று மகரந்தத்தைச் சுமந்து அதனுள் நுழைந்து முட்டையிடுகிறது. சில பூக்களைக் குளவியின் குஞ்சுகளுக்கு உணவாக விட்டுக்கொடுத்து, ஏனைய பூக்களை மரம் விதையாக்கிக் கொள்கிறது. குளவியின்றி அத்திக்கு விதை இல்லை. அத்தியின்றிக் குளவிக்கு மரபு இல்லை.

மூன்றாம் வகை, பறித்து வாழ்வது. மாமரத்தில் புல்லுருவி படர்வதை உழவர் அறிவர். அதன் கனியைப் பறவைகள் உண்கின்றன. பசைமிக்க விதை கிளையில் ஒட்டி முளைத்துப் பட்டையைத் துளைத்து உட்புகுகிறது. நாளடைவில் அவ்விடம் புடைக்கிறது. நீர் கிடைக்காமல் கிளையின் நுனி காய்கிறது. புல்லுருவியோ பச்சைப் பசேலென்று நிற்கிறது. இலையை மட்டும் கிள்ளினால் அது மீண்டும் தளிர்க்கும். ஒட்டிய இடத்திற்குக் கீழே கிளையோடு தறித்து அகற்றுவதே உழவர் செய்யும் தீர்வு. அம்மையார் கூந்தல் என்னும் மஞ்சள் நிறக் கொடியோ முளைத்தபின் ஒரு செடியைப் பற்றிக்கொண்டதும் தன் வேரையே இழந்துவிடுகிறது. பின்னர் உணவு முழுவதையும் தான் பற்றிய செடியிடமிருந்தே பெறுகிறது. பற்றிய செடி மடிந்தால், வேறு செடியை எட்டாத கொடியும் உடன் மடிகிறது.

இம்மூன்றையும் ஒப்பிட்டால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. சார்ந்திருப்பவர் எவ்வளவு பெறுகிறார் என்பது அன்று; தாங்கி நிற்பவர் தழைக்கிறாரா, காய்கிறாரா என்பதே அந்த அளவுகோல்.

மனித சமுதாயத்தில் ஒட்டுண்ணி யார்?

மாந்தர் இவ்வளவுகோலைப் பலவேளை தவறாகப் பிடிக்கின்றனர். வருவாய் இல்லாத முதியவரையும், நோயுற்றோரையும், உடற்குறை உடையோரையும் 'தண்டச்சோறு' என்று சுடுசொல் கூறும் வீடுகள் உள்ளன. திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருகாலத்தில் அக்குடும்பத்தைத் தாங்கிய மரமாக நின்றவர். அன்று அவரைப் பற்றி வளர்ந்த கொடியே இன்று மரமாகியிருக்கிறது. பிறந்த குழவி ஆண்டுக்கணக்கில் பிறர் கையாலேயே உண்கிறது. அதனை எவரும் ஒட்டுண்ணி என்பதில்லை. முதுமையும் அத்தகையதே. பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பேணுதற்கென நடுவணரசு 2007ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றியது. சட்டத்தால் சோறு கிடைக்கச் செய்யலாம்; முகமலர்ச்சியோடு இடும் சோற்றை வீட்டார்தாம் தரவேண்டும்.

உண்மையான புல்லுருவி பெரும்பாலும் மெலிந்தோரிடம் இல்லை, வலியோரிடமே உள்ளது. ஏழைக்குச் சிறுதொகை முன்பணமாகத் தந்து, அதனை அடைக்க இயலாதவாறு கணக்கெழுதி, தந்தைக்குப் பின் மகனையும் வேலையில் கட்டிவைத்த கொடுமையே கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்து, அவ்வகைக் கடன்களைச் செல்லாதனவாக்கியது. கந்துவட்டி, மீட்டர் வட்டி எனப் பல பெயர்களில் குடும்பங்களை உறிஞ்சிய வழக்கத்தைத் தடுக்கத் தமிழக அரசு 2003ஆம் ஆண்டில் சட்டம் கொண்டுவந்தது. உழைக்கும் வலிமை இருந்தும் தாயின் அன்றாடக் கூலியில் உண்டு திரியும் மகனும் இவ்வரிசையில் சேர்ந்தவனே. இவர்கள் பச்சைப் பசேலென்று நிற்க, இவர்களைத் தாங்குவோர் நுனி காய்கின்றனர்.

வள்ளுவர் பெருமான் இரவு, இரவச்சம் என இரு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். இல்லாமையால் கேட்பதற்கு ஓர் இடம் தந்தவர், மானம் குன்றக் கேட்பதற்கு அஞ்சுதலையும் உடன் உணர்த்தினார். கொடுப்போருக்கு ஒப்புரவறிதலையும் ஈகையையும் விதித்தார். பெறுவோர், தருவோர் ஆகிய இருவருக்கும் அறம் உண்டு என்பது இதனாற் புலனாகும்.

வீழிமிழலை காட்டும் நெறி

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்துற்றபோது, அடியார்களுக்கு அமுதளிக்கும் பொருட்டு அப்பருக்கும் ஞானசம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அளித்தருளியதைப் பெரியபுராணம் உரைக்கிறது. அப்பர் பெற்ற காசு குறைவின்றி மாறியது. அவர் திருமடத்தில் அமுது விரைவில் ஆயிற்று. சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி, அதாவது மாற்றுக் குறைவுக்கான வட்டம், கேட்டனர். அதனால் அவர் திருமடத்தில் காலம் தாழ்ந்தது. முதுமையிலும் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தமையால் அப்பருக்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்பர்.

கதை அவ்வளவில் முடியவில்லை. ஞானப்பிள்ளையார் பதிகம் பாடி வேண்டினார்; அவருக்கும் வாசியில்லாக் காசு வந்தது. உழைக்கும் முதியவருக்கும் பிள்ளைக்கும் முடிவில் ஒரே மாற்றுடைய காசே கிடைத்தது. அவ்விருவரும் தாம் பெற்றதைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை, பசித்தோருக்கு அமுதாக்கினர். பெற்றதைப் பிறர்பால் செலுத்தும் கையைச் சார்பு ஒருநாளும் தாழ்த்துவதில்லை.

இயன்றவர் உழைத்து உண்பதும், இயலாதவர் நாணமின்றி உண்ணுமாறு ஏந்துவதும் குடும்பத்தின் கடமை. சமுதாயத்தின் கடமையும் அதுவே.

சிந்தனைக்கு

1. நம்மைத் தாங்கி நிற்போர் யாவர்? அவர்கள் தழைக்கின்றனரா, காய்கின்றனரா?
2. நம்மைச் சார்ந்திருப்போரிடம் நாம் பேசும் சொல் சோற்றினும் இனியதாக உள்ளதா?
3. பெற்றவற்றுள் எதனை நாம் பிறருக்குத் தந்தோம்?