குப்பைமேட்டுக் கிணறு: கெட்டது எதுவரை?

திருச்செங்கோட்டைத் தாண்டிக் காவிரிப் பாலம் ஏறினால் ஈரோடு. அங்கே வெண்டிபாளையம், வைராபாளையம் உள்ளிட்ட குப்பைக்கிடங்குகளைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரைச் சோதித்த ஆய்வொன்று 2012இல் வெளியானது. கிடங்கை ஒட்டிய கிணறுகளில் குளோரைடு, நைட்ரேட், சல்பேட், அம்மோனியம் கணிசமாக இருந்தன. குப்பைச் சாறு கீழே இறங்கியதன் அடையாளம் அது. ஈரோட்டைப் போலவே நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரம் பக்கமும் நிலத்தடியில் கடும்பாறைதான். ‘தண்ணி கெட்டுப்போச்சு’ என்று எவரும் சொல்லலாம். எதுவரை கெட்டது, எதனால் கெட்டது என்று காட்டினால்தான் குப்பைக்கிடங்கின் மேல் கொடுக்கும் மனு நிற்கும்.

செய்ய வேண்டியவை

● மேட்டுப்பக்கக் கிணற்றிலிருந்து தொடங்குங்கள். குப்பைச் சாறு எட்ட வாய்ப்பில்லாத அந்தத் தண்ணீர்தான் உரைகல். சேலம், நாமக்கல் வட்டாரப் பாறை பல இடங்களில் தானாகவே கடினத்தன்மையும் ஃபுளோரைடும் தரும். ஒப்பிட ஒரு கிணறு இல்லாவிட்டால் பாறையின் குணத்தைக் குப்பையின் தலையில் கட்டிவிடுவோம்.

● நிலத்தடியில் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். குறைந்தது மூன்று கிணறுகளில் நீர்மட்ட ஆழத்தை ஒரே நாளில் அளந்து, தரைமட்ட உயரத்திலிருந்து கழித்தால் திசை தெரியும். ராப்பகலாக ஓடும் ஆழ்துளைக் கிணறு (போர்) ஒன்று பக்கத்தில் இருந்தால் அது தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். நிலத்தின் சரிவை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

● போர் போட்டவரிடம் கேளுங்கள். இந்தியா முழுக்க ரிக் வண்டி அனுப்பும் திருச்செங்கோடு பக்கத்திலேயே இருக்கிறது. எத்தனை அடியில் ஊற்று பிடித்தது, கேசிங் எத்தனை அடி இறங்கியது என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். கேசிங் குறைவான போரில் மேல்மட்ட அழுக்கு நேராக இறங்கும். ஆய்வறிக்கைகளில் அதிகம் காணாத தகவல் இது.

● மாதிரியை மேல்நிலைத் தொட்டியில் எடுக்காமல் மோட்டார் குழாயிலேயே பிடியுங்கள், அதுவும் சற்று நேரம் ஓடவிட்ட பிறகு. கார அமிலத்தன்மையையும் மின்கடத்துத்திறனையும் அங்கேயே அளந்துவிடுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய பாட்டிலைக் கழுவாமல் நிரப்பி, ஐஸில் வைத்து அன்றே சேர்த்துவிட வேண்டும். உலோகச் சோதனைக்கு அமிலம் சேர்த்த தனி பாட்டில்.

● குளோரைடு, அம்மோனியா, நைட்ரேட், இரும்பு, மாங்கனீசு, பொட்டாசியம், சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை) எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள். குடிநீர் வாரியத்தின் ஆய்வகங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களின் தண்ணீரையும் சோதிக்கின்றன. என்னென்ன பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

● கோடையில் ஒரு மாதிரி, ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பின் ஒரு மாதிரி எடுங்கள். மழை சாற்றைக் கீழே தள்ளவும் செய்யும், கலந்து நீர்க்கவும் வைக்கும். எது நடந்தது என்று ஒரே பருவத்து முடிவு சொல்லாது.

செய்யக்கூடாதவை

● வரைபடத்தில் கிடங்கைச் சுற்றி வட்டம் போட்டு ‘இதற்குள் கெட்டது, வெளியே நல்லது’ என்று முடிக்காதீர்கள். மணற்பாங்கான நிலத்தில் ஓரளவு எடுபடலாம். நம் பாறையில் தண்ணீர் விரிசல் வழியே ஓடும். அடுத்த தோட்டத்துப் போர் தப்பியிருக்கும், தள்ளி இருப்பது கெட்டிருக்கும்.

● நைட்ரேட் குறைவு என்றதும் நிம்மதி அடைய வேண்டாம். கிடங்கை ஒட்டி ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நைட்ரஜன் அம்மோனியாவாகவே இருக்கும். தள்ளிப் போனபின் நைட்ரேட்டாக மாறும். வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் சற்று நேரத்தில் செம்பழுப்பாகிறதா என்றும் பாருங்கள். ஆக்சிஜன் இல்லாத நீரில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் அப்படித் தெரியும்.

● மற்ற குற்றவாளிகளை மறக்காதீர்கள். நாமக்கல்லில் கோழிப்பண்ணை எரு, உரம், செப்டிக் டேங்க் மூன்றுமே நைட்ரேட்டை ஏற்றும். சேகோ ஆலைக் கழிவும் சாயக்கழிவும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. எருக்குழியை ஒட்டிய கிணற்றைக் காட்டிக் குப்பைக்கிடங்கின் மேல் வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியிலேயே கதை முடிந்துவிடும்.

● 2016 திடக்கழிவு விதிகள் குப்பை நிரப்பிடத்துக்கும் குடியிருப்பு, குடிநீர்க் கிணறுகளுக்கும் இடையே 200 மீட்டர் கேட்டன. அந்தத் தூரம் இருக்கிறது என்பதையே தண்ணீர் நன்றாக இருப்பதற்குச் சான்றாக ஏற்காதீர்கள். அது இடம் தேர்வு செய்ய வைத்த விதி.

● ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான்’ என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தில் குளோரைடுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம்; வேறு நீராதாரம் இல்லாத ஊருக்கு 1,000 வரை. மேட்டுக் கிணற்றில் 90, பள்ளத்துக் கிணற்றில் 240 என்றால் இரண்டும் எல்லைக்குள்தான், ஆனாலும் ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது. நைட்ரேட்டுக்கு 45தான், தளர்வே கிடையாது.

● கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நைட்ரேட் நீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கக் கூடாது. கிருமி சாகும், நீர் வற்ற வற்ற நைட்ரேட் செறிவு ஏறும்.

● பயோமைனிங் (பழைய குப்பையைத் தோண்டிப் பிரிப்பது) முடிந்து குப்பையை அள்ளிவிட்டார்கள் என்பதற்காகச் சோதனையை நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே மண்ணுக்கும் பாறை விரிசலுக்கும் இறங்கியது லாரியில் ஏறிப் போகாது. அதே கிணறுகளில், அதே மாதங்களில், இன்னும் சில ஆண்டுகள் மாதிரி எடுத்துக்கொண்டே இருங்கள்.